பிரேக் ஆயில் எங்கே போகிறது? மாருதி 800 பின்சக்கரக் கசிவைப் பிடித்த கதை

வலது பக்கம் வளைத்துத் திருப்பும்போது மட்டும் டேஷ்போர்டில் ஹேண்ட் பிரேக் விளக்கு ஒரு விநாடி மின்னி அணையும். நேரே ஓட்டினால் ஒன்றும் இல்லை. லீவர் முழுதாக இறங்கவில்லை போல என்று நினைத்து அதைத் தட்டித் தட்டி விட்டு ஒரு வாரம் ஓட்டினேன். பிறகுதான் பானெட்டைத் திறந்து பார்த்தேன். பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் கீழ்க்கோட்டையும் தாண்டி இறங்கிக் கிடந்தது. அந்த ஒரு விளக்குக்கு இரண்டு வேலை. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் எரியும், ஆயில் குறைந்தாலும் எரியும். டப்பாவுக்குள் ஒரு மிதவை இருக்கிறது. வண்டி திரும்பும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும், மிதவை இறங்கும், விளக்கு மின்னும். அது என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறது, நான்தான் லீவரைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

வண்டி 2004 மாடல் மாருதி 800. இருபது வருடம் தாண்டிய வண்டி. என் கைக்கு வந்தே எட்டு வருடம் ஆகிறது. அந்த எட்டு வருடத்தில் பிரேக் ஆயிலை ஒரு தடவைகூட நான் மாற்றியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரும் எல்லாத் தொல்லைக்கும் வேர் அதுதான்.

சரி, குறைந்திருக்கிறது, ஊற்றினேன். விளக்கு அடங்கியது. மூன்று வாரத்தில் மறுபடி மின்னியது. மறுபடி ஊற்றினேன். அவசரத்தில் புனல் எடுக்காமல் ஊற்றியதில் ஃபெண்டர் ஓரத்தில் கொஞ்சம் சிந்தியது, துணியால் துடைத்துவிட்டுப் போய்விட்டேன். மூன்றாவது தடவை பாட்டில் வாங்கக் கடைக்குப் போனபோது, பொள்ளாச்சியில் எங்கள் தெரு முனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் அங்கே நின்றிருந்தார். என் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார்.

“ஏனுங்க, போன மாசந்தான வாங்குனீங்க?”

“ஆமாங்கண்ணா, குறைஞ்சுட்டே இருக்குதுங்க.”

“ஊத்துறீங்க, செரி. அது எங்கீங்க போகுது? எஞ்சின் ஆயிலாட்டம் எரிஞ்சு போறதுக்கு அது எஞ்சினுக்குள்ளயா இருக்குது?”

பதில் இல்லை என்னிடம். அடுத்த வாரம் வால்பாறையில் மச்சினன் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. ஆழியாறிலிருந்து மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது பெரிதில்லை, அந்த நாற்பதிலும் திரும்ப இறங்க வேண்டும். அன்று மாலையே வண்டியை வாசலில் நிறுத்திச் சாவியை உள்ளே வைத்துவிட்டேன்.

பிரேக் ஆயில் குறைவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. முன்பக்க டிஸ்க் பிரேக்கில் பேட் தேயத் தேய, பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரில் இருக்கும் பிஸ்டன் அந்த அளவுக்கு வெளியே வந்து நிற்கும். பின்னால் உண்டான இடத்தை ஆயில் நிரப்பும், டப்பாவில் மட்டம் இறங்கும். ஆனால் இது மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு வருவதற்குள் ஒரு செட் பேடே முடிந்துவிடும். மூன்று வாரத்தில் இறங்குகிறது என்றால் அது தேய்மானக் கணக்கில் வராது. எங்கோ வெளியே போகிறது.

எங்கே என்று தேடுவதில்தான் இந்த வேலையின் பாதி நேரம் போனது. முதலில் மாஸ்டர் சிலிண்டர், பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது அதுதான். டப்பாவின் அடியில், பைப்புகள் சேரும் இடங்களில், மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டரோடு முட்டி நிற்கும் பின்பக்கத்தில் எல்லாம் பனியன் வேஸ்ட்டை வைத்து ஒற்றிப் பார்த்தேன். காய்ந்த புழுதிதான் வந்தது. சில வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் போய், ஆயில் பூஸ்டருக்குள் இறங்கி எஞ்சினால் உறிஞ்சப்பட்டு, சைலன்ஸரில் வெள்ளைப் புகையாகப் போவதுண்டாம். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. காலையில் ஸ்டார்ட் செய்து பின்னால் போய் நின்று பார்த்தேன், புகை இல்லை. உள்ளே கால் வைக்கும் மேட்டைத் தூக்கிப் பெடல் பக்கமும் தடவிப் பார்த்தாயிற்று.

அப்புறம் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து இரண்டு முன்சக்கரங்களின் உள்பக்கம். ரப்பர் ஹோஸில் மேலே சின்னச் சின்ன வெடிப்பு இருந்தது, ஈரம் இல்லை. வண்டிக்கு அடியில் போகும் இரும்பு பைப்பை மல்லாந்து படுத்து டார்ச் அடித்துக் கடைசி வரை பார்த்தேன். இந்தத் தேடலில் புழுதிதான் நமக்குத் துணை. கசிவு உள்ள இடத்தில் புழுதி ஒட்டிக் கறுத்து, களிம்பு மாதிரி இருக்கும். மற்ற இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் உலர்ந்து கிடக்கும்.

இடது பின்சக்கரத்துக்கு வந்தபோது அந்தக் கறுப்பு கிடைத்தது. டயரின் உள்பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகட்டின் அடி விளிம்பில் ஈரம். அப்போதே முடிவுக்கு வந்திருக்கலாம், ஆனால் பக்கத்திலேயே ஷாக் அப்சார்பர் நிற்கிறது. அதுவும் வயதானது, அதற்குள்ளும் எண்ணெய் இருக்கிறது. இது முன்சக்கர இழுவை வண்டி என்பதால் பின்னால் கியர் ஆயில் வர வழியே இல்லை. ஆக இரண்டில் ஒன்று.

இதைப் பிரிக்க ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர் போதும். பிரேக் ஆயில் என்று நாம் சொல்கிறோமே தவிர அது எண்ணெயே இல்லை. டாட் 3, டாட் 4 வகைகள் கிளைக்கால் சார்ந்த திரவங்கள், தண்ணீரில் கரைந்துவிடும். வெள்ளைத் துணியின் நுனியால் அந்த ஈரத்தை ஒற்றி எடுத்து டம்ளரில் நனைத்தேன். ஷாக் அப்சார்பர் எண்ணெயாக இருந்தால் மேலே படலமாக மிதந்து வானவில் காட்டியிருக்கும். இது அழுக்கை மட்டும் விட்டுவிட்டுக் காணாமல் போனது. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. கொஞ்ச நாளாகவே சரிவில் ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. ஹேண்ட் பிரேக் இழுப்பது, டிரம்முக்குள் விரிந்து அதை உரசி நிறுத்தும் பின்சக்கர ஷூக்களைத்தான். இடது பக்க ஷூ ஆயிலில் ஊறிக் கிடந்தால் அது எப்படிப் பிடிக்கும்?

ஞாயிறு காலை வேலையை ஆரம்பித்தேன். வண்டி தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைத் தளர்த்தி, முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் செங்கல் வைத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்தேன். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கை நீட்டுவதை மட்டும் செய்யவே கூடாது. ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, நடுவில் உள்ள மூடியை எடுத்து, பெரிய நட்டைக் கழற்றி, டிரம்மைச் சுற்றிலும் மரச் சுத்தியலால் தட்டித் தட்டி இழுத்தேன். இருபது நிமிடம் அசையவில்லை. பிறகு ஒரே இழுப்பில் மடியில் வந்து விழுந்தது.

உள்ளே பிரேக் தூசியும் ஆயிலும் குழைந்து தார் மாதிரி ஒட்டியிருந்தது. இந்தத் தூசியை வாயால் ஊதவோ ஏர் அடிக்கவோ வேண்டாம். ஷூ மேல் ஒட்டியிருக்கும் பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். நான் சோப்புத் தண்ணீரால் நனைத்துத்தான் துடைத்தேன். ஷூக்களை வெளியே தள்ளும் வீல் சிலிண்டர் மேலே இருக்கிறது, கட்டைவிரல் பருமனில் ஒரு சின்ன உருளை, இரண்டு முனையிலும் ரப்பர் தொப்பி. ஒரு பக்கத் தொப்பியின் விளிம்பை ஸ்க்ரூ டிரைவரால் லேசாக நெம்பினேன். ஒரு தேக்கரண்டி அளவு கறுப்பு ஆயில் மணிக்கட்டு வழியாக வழிந்தது. மறுபக்கத் தொப்பியையும் நெம்பிப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. உள்ளே ஆயிலை அடைத்து நிற்கும் ரப்பர் கப் ஒரு பக்கம் மட்டும் போயிருக்கிறது.

கடையில் கேட்ட முதல் கேள்வி, “கிட்டா, முழு சிலிண்டரா?” கிட் என்றால் உள்ளே போகும் ரப்பர் கப்பும் தொப்பியும் மட்டும், நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். முழு சிலிண்டர் அதைப்போல நாலைந்து மடங்கு. கிட்டை வாங்கத்தான் கை போனது. ஆனால் வீட்டில் பிஸ்டனை வெளியே தள்ளிவிட்டு மொபைல் வெளிச்சத்தில் சிலிண்டரின் உள்சுவரைப் பார்த்திருந்தேன். கப் உட்காரும் இடத்தில் அடிப்பக்கமாக ஊசியால் குத்திய மாதிரி நாலைந்து புள்ளிகள். சுண்டுவிரல் நகத்தை ஓட்டினால் தட்டியது.

அது துரு. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும் குணம் கொண்டது. வீல் சிலிண்டரில் இருக்கும் ஆயில் எங்கும் ஓடிச் சுற்றுவதில்லை, வருடக்கணக்கில் அதே இடத்தில் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருக்கும். ஈரம் சேர்ந்த ஆயில் எட்டு வருடம் அங்கேயே நின்றால் உலோகத்தை அரிக்காமல் என்ன செய்யும்? குழி விழுந்த சுவரில் புதுக் கப் போட்டாலும் அதன் உதட்டை அந்தக் குழி அறுத்துவிடும், ஆறு மாதத்தில் மறுபடி இதே வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கிட் மாட்டுவதைப் பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். லேசான கறைக்கு அது சரி, குழிக்கு உதவாது. முழு சிலிண்டரே வாங்கினேன், இரண்டு பக்கத்துக்கும். வலது பக்கமும் அதே வயது, அதே ஆயில். ஷூவும் இரண்டு பக்க செட். ஆயில் குடித்த லைனிங்கில் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி எடுத்து மறுபடி மாட்டுகிறவர்கள் உண்டு. மேலே காய்ந்து தெரியும், சூடேறினால் உள்ளே இருப்பது வெளியே வரும். மலைப் பாதைக்குப் போகிற வண்டியில் அந்தச் சிக்கனம் எனக்கு வேண்டாம்.

பழைய சிலிண்டரைத் தகட்டிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் முதலில் பின்னால் வரும் இரும்பு பைப்பின் நட்டைக் கழற்ற வேண்டும். இங்கேதான் மாட்டிக்கொண்டேன். சாதாரண 10 நம்பர் ஓப்பன் ஸ்பேனரைப் போட்டு ஒரு அழுத்து. சர்ரென்று வழுக்கியது, நட்டின் ஒரு மூலை மழுங்கிவிட்டது. இன்னொரு தடவை வழுக்கினால் நட்டு உருண்டையாகிவிடும். அதைவிட மோசம், நட்டு பைப்போடு சேர்ந்து துருப்பிடித்திருந்தால் நட்டோடு பைப்பும் முறுக்கிக்கொண்டு ஒடியும். அப்புறம் அந்த நீளத்துக்குப் புது பைப்பே இழுக்க வேண்டும்.

கையைத் துடைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, பாதி ஷட்டர். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை, பெட்டியைத் துழாவி ஒரு ஸ்பேனரை எடுத்து நீட்டினார். ரிங் ஸ்பேனரில் பைப் நுழைகிற அளவுக்கு ஒரு வாய் வெட்டியது போல இருக்கும், ஃபிளேர் நட் ஸ்பேனர். “துரு ஆயில் போட்டுட்டு நாளைக்குக் கழட்டுங்க. கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு மயிரிழை டைட் பண்ணிப் பாருங்க, அப்புறம் லூஸ் பண்ணுங்க. பைப் கூடவே சுத்துதான்னு கண்ணு பைப்பு மேலயே இருக்கட்டும்.”

அப்படியே செய்தேன். மறுநாள் மாலை, நட்டின் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மெல்லிய அழுத்து. டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு எதிர்ப்பக்கம். பைப் அசையவில்லை, நட்டு மட்டும் சுற்றியது. அந்த டிக் சத்தத்துக்கு ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். பைப்பைக் கழற்றியதும் சொட்டச் சொட்ட ஆயில் வரும். பழைய சிலிண்டரில் காற்றை வெளியே விடும் சின்னத் திருகான நிப்பிள் மேல் மாட்டியிருந்த சின்ன ரப்பர் மூடியை எடுத்து பைப் முனையில் செருகினேன், சொட்டு நின்றது.

மாட்டும்போது கற்றுக்கொண்ட ஒரு விஷயம்: புது சிலிண்டரைத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்குவதற்கு முன்பே பைப் நட்டை விரலால் நாலு சுற்று ஏற்றிவிட வேண்டும். சிலிண்டர் ஆடுகிற நிலையில் இருந்தால்தான் மரை நேராகப் பிடிக்கும். முதலில் சிலிண்டரை இறுக்கிவிட்டால் பைப் ஒரு கோணத்தில் வந்து நின்று மரை மாறி ஏறும். ஸ்பிரிங்குகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, கெட்ட வார்த்தைகள்தான் வரும். ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரியுங்கள், எது எங்கே என்று பார்த்துக்கொள்ள ஒரு மாதிரி இருக்கும். டிரம்மின் உள்பக்கத்தை பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்தேன். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதையும் சிலிண்டர் ரப்பர் பக்கம் கொண்டுபோகக் கூடாது. இந்த ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துவிடும்.

அடுத்தது ஏர் எடுப்பது, அதாவது பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது. டப்பா மூடியில் டாட் 3 என்று பொறித்திருந்தது, அதையே வாங்கினேன். டாட் 3 இருக்கும் இடத்தில் டாட் 4 ஊற்றலாம், இரண்டும் ஒரே இனம். டாட் 5 மட்டும் சிலிக்கோன் வகை, இதோடு கலக்கவே கூடாது. புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிதான். நாற்பது வளைவிலும் பிரேக்கை மிதித்தபடி இறங்கினால் சக்கரம் எவ்வளவு சூடாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். குமிழி அழுந்தும், பெடல் தரைக்குப் போகும், வண்டி நிற்காது.

மகள் ஏழாவது படிக்கிறாள். அவளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரம் முதலில், அதாவது இடது பின்பக்கம். மீன் தொட்டிக்கு வாங்கும் டியூபின் ஒரு முனையை நிப்பிளில் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்க விட்டேன். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்திருந்தேன். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடலைத் தரை வரை மிதித்தால், அதன் ரப்பர்கள் வழக்கமாகப் போகாத துருப்பிடித்த பகுதிக்குப் போய்க் கிழியும் என்று படித்திருந்தேன்.

“அமுக்கு.”

“அமுக்கிட்டேன்.”

“பிடிச்சுக்கோ.” நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பேன். வரக்காப்பி நிறத்தில் ஆயில் டியூபில் ஓடும், நடுநடுவே குமிழி.

“அப்பா, கீழ போயிடுச்சு!”

“அப்படியே இரு, விடாதே.” மூடுவேன். “இப்ப விடு.”

நிப்பிளை மூடுவதற்குள் அவள் காலை எடுத்துவிட்டால் வெளியே வந்த காற்று அப்படியே உள்ளே திரும்பிவிடும். மூன்றாவது தடவையே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது, அதற்குப் பிறகு என்னை அவள்தான் விரட்டினாள். ஐந்தாறு தடவைக்கு ஒருமுறை டப்பாவைப் பார்த்து நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அது வற்றிக் காற்று இழுத்தால் முதலிலிருந்து ஆரம்பம். வரக்காப்பி மெல்லத் தேன் நிறமானது. நாலு சக்கரமும் சுற்றி வர அரை லிட்டருக்கு மேல் போயிற்று. வந்த பழைய ஆயிலை எதற்கும் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. திறந்து நாளான பாட்டிலில் மிச்சம் இருப்பதற்கும் இதே கதிதான்.

எல்லாம் முடிந்து பெடலை மிதித்தேன். பாதிக்கும் கீழே போய்த்தான் பிடித்தது. உடனே இரண்டாவது தடவை மிதித்தால் மேலேயே கல் மாதிரி நின்றது. காற்று இன்னும் இருக்கிறது என்று மறுபடி நாலு சக்கரத்திலும் எடுத்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை, கால் பாட்டில் புது ஆயில் வீண். இருட்டிவிட்டது, மகள் சாப்பிடப் போய்விட்டாள், நான் டிரம்மைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காரணம் அந்த மரக்கட்டை. தடிமனான புது ஷூவுக்கு மேல் டிரம் நுழைவதற்காக அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே தள்ளியிருந்தேன். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். பெடலைப் பலமாக மிதிக்கும்போது ஷூ வெளியே வந்து, அட்ஜஸ்டர் பல் பல்லாக ஏறி, இடைவெளியைத் தானே குறைத்துக்கொள்ளும். நான் வைத்த கட்டை பெடலை அவ்வளவு தூரம் போகவே விடவில்லை. கட்டையை எடுத்துவிட்டு நாலைந்து தடவை நிதானமாக, பலமாக மிதித்தேன். பின்னாலிருந்து டிக், டிக் என்று கேட்டது. ஒவ்வொரு மிதிக்கும் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. பாதுகாப்புக்கு என்று வைத்த கட்டையால் இரண்டு மணி நேரம் போனது.

அதற்குப் பிறகு எஞ்சினை ஓட விட்டுப் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தேன், இறங்கவில்லை. நாலு சக்கரத்துக்கு அடியிலும் பழைய செய்தித்தாள் விரித்து வைத்தேன். மூன்று காலை தொடர்ந்து பார்த்தேன், தாளில் பூனைக் கால் தடம் மட்டும்தான் இருந்தது. டப்பாவில் மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டு வைத்தேன், அதுவும் நகரவில்லை. காலி மைதானத்தில் நடக்கிற வேகத்தில் ஆரம்பித்து ஓட்டிப் பார்த்தேன். பிறகு ஸ்பேனரைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் அண்ணனிடமே வண்டியைக் கொடுத்தேன். ஒரு சுற்று ஓட்டி வந்து, இரண்டு நிப்பிளிலும் விரல் வைத்துப் பார்த்தார்.

“அந்தப் பக்கமும் மாத்திட்டீங்ளா?”

“மாத்திட்டேனுங்க.”

“செரி, போயிட்டு வாங்க. இறங்கறப்ப ரெண்டாவது கியர்லயே வாங்க, பிரேக்குலயே வராதீங்க.”

போய்விட்டு வந்தோம். இறங்கும்போது ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூவில் ஆழியாறு அணையைப் பார்க்க நிறுத்தினோம். மற்றவர்கள் அணையைப் பார்த்தார்கள், நான் பின்சக்கரங்களுக்குப் பக்கத்தில் புறங்கையை நீட்டிப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு சூடு, டயரின் உள்பக்கம் இரண்டும் உலர்ந்திருந்தது.

போன வாரம் வண்டி கழுவும்போதுதான் கவனித்தேன். அன்றைக்குச் சிந்தின ஆயிலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துணியால் துடைத்துவிட்டேன் இல்லையா, அந்த இடத்தில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குப் பெயின்ட் பொரிந்து உரிந்திருக்கிறது. அதை மட்டும் இன்னும் சரிசெய்யவில்லை.